சேம்பருக்கு மேல் குப்பை

பகல் முழுக்க மற்றவர்களுடைய சாக்கடையைக் காதால் கேட்பதுதான் என் வேலை. மாநகராட்சியின் புகார் அறையில், ஒரு ஏஜென்சி மூலமாக, ஒப்பந்தத்தில் இருக்கிறேன். தலையில் ஹெட்செட், எதிரே கம்ப்யூட்டர். ஃபோன் வந்தால் முதலில் கன்னடத்தில் வணக்கம், அப்புறம் எதிராளிக்கு எந்த மொழி வாயில் வருகிறதோ அந்த மொழி. குப்பை வண்டி வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை, மரக்கிளை விழுந்துவிட்டது, சாக்கடை பொங்குகிறது. பெயர், வார்டு, தெரு எல்லாம் கேட்டுப் பதிவு செய்து புகார் எண் கொடுப்பேன். அத்தோடு என் பங்கு முடிந்தது. அந்தப் புகார் யாருடைய மேஜைக்குப் போகிறது, யார் அதைத் திறக்கிறார்கள், யார் மூடுகிறார்கள் என்பது எங்கள் அறைக்குத் தெரியாது. ஒருநாள் திரையில் ‘தீர்க்கப்பட்டது’ என்று பச்சையில் வந்துவிடும். மறுநாள் அதே ஆள் அதே புகாரோடு கூப்பிடுவார். புதிய எண் கொடுப்பேன்.

கத்துகிறவர்களால் எனக்குத் தொந்தரவு இல்லை. அவர்கள் கத்தி முடித்ததும் வைத்துவிடுவார்கள். சலித்துப்போன குரலில், “இன்னொரு தடவை எழுதிக்கோம்மா” என்று சொல்கிறவர்கள்தான் பஸ் ஏறி என்னோடு வீடு வரைக்கும் வருவார்கள். வீட்டுக்கு வந்தபின் என் சொந்த ஃபோன் அடித்தால்கூட எடுக்கத் தோன்றாது. அம்மா திருப்பத்தூரிலிருந்து கூப்பிடுவாள். அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவேன்.

நாங்கள் குடியிருப்பது ஆஸ்டின் டவுனை ஒட்டி, வீட்டு வாரியம் எப்போதோ கட்டிக்கொடுத்த மாடிக் கட்டடம் ஒன்றில். ஒரு ஹால், ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. கல்யாணமாகி பெங்களூர் வந்த நாளிலிருந்து அங்கேதான் வாடகை. என் வீட்டுக்காரர் பொம்மசந்திராவில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறார். அவர் வீட்டில் இருக்கும்போது நான் இருக்கமாட்டேன், நான் இருக்கும்போது அவர் தூங்குவார்.

எங்களுக்கு நேர் கீழே, தரைத்தளத்தில், ஒரு அக்கா. பக்கத்து சர்ச் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை. அவர் வீட்டுக்காரர் கார்களுக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவர், பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. ஒரே மகள், அத்திபெலேயில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். முன்பு இவர்கள் மேல்மாடியில்தான் இருந்தார்களாம். ஆஸ்பத்திரிக்கு இறக்குவதும் ஏற்றுவதும் முடியாமல் போனதால், தரைத்தளத்தில் இருந்தவர்களிடம் வீட்டை மாற்றிக்கொள்ளலாமா என்று அக்கா கேட்டார். அவர்கள் உடனே, சந்தோஷமாக ஒத்துக்கொண்டு பட்டாவையும் மாற்றிக் கொடுத்தார்கள். எதற்கு அவ்வளவு சந்தோஷம் என்பது முதல் மழையில் அக்காவுக்குப் புரிந்தது.

கட்டடத்தின் கழிவு எல்லாம் காம்பவுண்டுக்கு வெளியே, தெருமுனையில் மூடி போட்ட ஒரு சாக்கடைத் தொட்டியில், சேம்பர் என்பார்கள், போய்ச் சேர்ந்து, அங்கிருந்து பெரிய லைனுக்குப் போகவேண்டும். அந்தத் தெருமுனையில்தான் குப்பை ஆட்டோக்கள் வீடு வீடாகச் சேர்த்த குப்பையைக் கொண்டுவந்து கொட்டும். பெரிய லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும்வரை அங்கே குவியல் கிடக்கும். லாரி சில நாள் மத்தியானம் வரும், சில நாள் சாயங்காலம், சில நாள் வராது. குவியலுக்கு அடியில் சேம்பர் மூடி. அதை யாரும் திறந்து பார்த்து எத்தனை காலமாயிற்றோ. லைன் அடைத்துக்கொண்டால் மேல்மாடிக்காரர்கள் ஊற்றுகிற தண்ணீரெல்லாம் வெளியே போக வழியில்லாமல் தரைத்தளத்துக் குளியலறை வழியாகத் திரும்பி வரும். நாங்கள் மேலே குளித்தால் அக்கா கீழே துடைப்பார்.

ஒருநாள் காலை, மழை விட்டிருந்த நேரம், எனக்கு ஒரு அழைப்பு வந்தது.

“நமஸ்காரா, ஹேளி” என்றேன், சொல்லுங்கள் என்று.

“தமிழ் வருமாம்மா?”

“சொல்லுங்க மேடம்.”

“பாத்ரூம்ல தண்ணி ரிவர்ஸ் ஆவுதும்மா. கக்கூஸ் தண்ணி. ஹால் வரைக்கும் வந்துடுச்சி. எங்க வீட்டுக்காரரு கட்டில்ல கெடக்குறாரு, அவரால எழுந்து நிக்க முடியாது. யாரையாச்சும் அனுப்புங்கம்மா, புண்ணியமாப் போவும்.”

கேட்டவுடனே குரல் தெரிந்துவிட்டது. ஆனால் எங்கள் அழைப்புகள் எல்லாம் பதிவாகின்றன. சொந்தப் பேச்சு கூடாது என்று சுவரில் ஒட்டியே வைத்திருக்கிறார்கள். வார்டு கேட்டேன், தெரு கேட்டேன். எல்லாம் எனக்கே தெரிந்ததுதான். கடைசியாக, “பக்கத்துல அடையாளம் எதாவது சொல்லுங்க மேடம்” என்றேன்.

“அடையாளமா? குப்பமேடுதான் இருக்குது. வேற என்னா இருக்குது இங்க?” என்றவர் சட்டென்று நிறுத்தினார். “ஏம்மா, நீ மேல்வீட்டுப் பொண்ணுதானே?”

பக்கத்து இருக்கையருகே டீம் லீடர் நின்றுகொண்டிருந்தார்.

“உங்க புகார் பதிவாயிடுச்சி மேடம். நம்பர் சொல்றேன், எழுதிக்குங்க.”

“கையெல்லாம் சாக்கடைத் தண்ணி, பேனா எங்க புடிக்கிறது? சாயந்தரம் வரும்போது நீயே சொல்லிடு” என்று வைத்துவிட்டார்.

சாயங்காலம் பஸ்ஸை விட்டிறங்கி நேராக அவர் வீட்டுக்குப் போனேன். ஃபினாயில் வாசனை படிக்கட்டு வரைக்கும் வந்தது. தரையை எத்தனையோ தடவை கழுவியிருந்தார், ஆனாலும் சுவரின் அடிப்பாகத்தில் ஈரக்கோடு இருந்தது. அந்த வீட்டில் சாமான்கள் எல்லாமே ஒரு முழம் உயரத்தில்தான் இருக்கும். அரிசி டிரம் ஸ்டூல் மேல், துணிப்பெட்டி செங்கல் மேல், ஏசு படத்தின் கீழே இருக்கவேண்டிய மெழுகுவர்த்திப் பெட்டிகூட ஃபிரிட்ஜ் மேல்.

“என்ன மேடம், வாங்க” என்றார் அக்கா. “நீ என்னை மேடம்னு கூப்புட்டதை இவருகிட்ட சொன்னேன். காலையில இருந்து சிரிச்சிக்கினே இருக்குறாரு.”

கட்டிலில் அவர் வீட்டுக்காரர் உண்மையாகவே வாயின் ஒரு பக்கத்தால் சிரித்துக்கொண்டிருந்தார். “மே... டம்” என்றார்.

“அங்க அப்படித்தான்க்கா பேசணும். ரெக்கார்ட் ஆவும்.”

“தெரியும், தெரியும். கோவம் இல்ல. ஆனா நீயே அங்க உக்காந்திருக்குறே, உன் வீட்டுக்குக் கீழயே இப்படின்னா, நாங்க எங்க போய்ச் சொல்றது?”

டீ கொடுத்தார், குடித்துவிட்டு மேலே வந்துவிட்டேன்.

அந்தப் புகார் சில நாளில் பச்சையாகிவிட்டது. சரிசெய்ததற்குச் சாட்சியாக ஒரு ஃபோட்டோவும் ஏற்றியிருந்தார்கள். சுத்தமான தெரு, மூடி திறந்த சேம்பர், பக்கத்தில் ஒரு செம்பருத்திச் செடி. எங்கள் தெருவில் செம்பருத்தியே கிடையாது. வீட்டுக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை.

“இதை யாருதான் பாக்கணும்? ஒழுங்கா சொல்லு” என்றார்.

எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். சாக்கடை லைன் தண்ணீர் வாரியத்துடையது. மேலே கிடக்கிற குப்பை மாநகராட்சியின் சுகாதாரப் பிரிவுடையது. கட்டடத்திலிருந்து வெளியே வருகிற குழாய் வீட்டு வாரியத்துடையது. ஒரு புகார் போனால் ஒவ்வொருவரும் மற்ற இருவரைக் காட்டி மூடிவிடுகிறார்கள்.

“சரி, மூணு பேரையும் ஒரே எடத்துல உக்கார வெக்க முடியாதா?”

முடியும் என்று ஏட்டில் இருக்கிறது. வார்டு கமிட்டிக் கூட்டம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை வார்டு ஆபீசில் நடக்கவேண்டும், எல்லாத் துறைக்காரர்களும் வரவேண்டும், பொதுமக்கள் யாரும் போய்க் கேட்கலாம். அதிகம் நச்சரிக்கிறவர்களிடம் அதைச் சொல்லும்படி எங்களுக்கே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நான் பலபேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஒருமுறைகூடப் போனதில்லை.

“அப்ப போவோம்” என்றார் அக்கா. “நீயும் வரணும். அவங்க பேசுற பாஷை உனக்குத்தான் தெரியும்.”

கன்னடத்தைச் சொல்கிறார் என்று நினைத்தேன். அக்காவுக்கு என்னைவிட நன்றாகவே கன்னடம் வரும். அவர் சொன்னது ஆபீஸ் பாஷையை.

வார்டு ஆபீஸ் ஒரு பூங்காவுக்குள் இருந்தது. தேர்தல் நடக்காமல் வருஷங்கள் ஆகிவிட்டதால் கவுன்சிலர் இல்லை. அவருடைய இடத்தில் நோடல் ஆபீசர் என்று ஒரு அதிகாரி உட்கார்ந்து கூட்டத்தை நடத்தினார். அவருக்கு இது பல வேலைகளில் ஒன்று. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, எங்களைப்போலவே அவரும் எங்கிருந்தோ அலைந்துவிட்டு வந்திருக்கிறார். பூங்காவில் நடக்க வரும் பெரியவர்கள் சிலர் நாய்களைப் பற்றியும் கேபிள் தோண்டியதைப் பற்றியும் பேசினார்கள். எங்கள் முறை வந்தபோது அக்கா எழுந்து கன்னடத்தில் நடந்ததைச் சொன்னார். கூட்டிக்குறைக்காமல், சுருக்கமாக, வீட்டுக்காரரின் நிலைமையையும் சேர்த்து.

தண்ணீர் வாரியத்து எஞ்சினியர் நல்ல மனிதர்தான். “அடைப்பு எடுக்குற மிஷின் அனுப்ப எனக்குக் கஷ்டம் ஒண்ணும் இல்லம்மா. ரெண்டு வாட்டி அனுப்பினேன். சேம்பர் மேல குப்பை இருக்கு, மூடியைத் திறக்க முடியலேன்னு திரும்பி வந்துடுச்சு” என்று தமிழிலேயே சொன்னார்.

சுகாதாரப் பிரிவு இன்ஸ்பெக்டர், “அந்த ஜாகா எங்களுக்கு டிரான்ஸ்ஃபர் பாயின்ட், ஆட்டோ குப்பையை லாரிக்கு மாத்துற எடம். வேற ஜாகா காட்டுங்க, நாளைக்கே மாத்துறேன். எந்த வீட்டுக்காரங்க ஒத்துப்பாங்க?” என்றார்.

வீட்டு வாரியத்திலிருந்து யாரும் வரவில்லை.

அப்போது நான் எழுந்தேன். அக்கா அதுவரை கொடுத்திருந்த புகார்களின் எண்களை வரிசையாகச் சொல்லி, ஒவ்வொன்றும் எப்படி மூடப்பட்டது என்று சொன்னேன். பழக்கதோஷம், அந்த ஹெட்செட் குரலிலேயே வந்துவிட்டது. இன்ஸ்பெக்டர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

“நீங்க கன்ட்ரோல் ரூம்தானே? அங்க ஃபோன் பண்ணும்போது இந்தக் குரலைக் கேட்டிருக்கேனே!”

எல்லோரும் சிரித்தார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன். நோடல் ஆபீசர் மட்டும் சிரிக்காமல், “மூணு துறையும் சேர்ந்து ஒரு ஜாயிண்ட் இன்ஸ்பெக்‌ஷன் பண்ணுங்க” என்று சொல்லி, மினிட்ஸில் எழுதச் சொன்னார். எழுதினார்கள். கூட்டம் முடிந்தது.

திங்கட்கிழமை டீம் லீடர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வயதில் என்னைவிடச் சின்னவர், ஓசூர்க்காரர். “அக்கா, மேல இருந்து கேட்டாங்க. நீங்க கம்ப்ளெயின்ட் எடுக்குறவங்க, குடுக்குறவங்க இல்ல. ஏஜென்சியில தெரிஞ்சா ரினியூவல்ல பிரச்சனை ஆயிடும். எனக்காகப் பாத்துக்குங்க” என்றார். மிரட்டவில்லை, கெஞ்சினார். சரி என்றேன்.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு ஒரு தேதி சொன்னார்கள். அக்கா பள்ளிக்கூடத்தில் லீவு சொல்லிவிட்டுக் காத்திருந்தார். எஞ்சினியர் வந்தார், மற்ற இருவர் வரவில்லை. குப்பைமேட்டை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். இன்னொரு தேதி சொன்னார்கள். அன்று இன்ஸ்பெக்டர் வந்தார், எஞ்சினியர் வரவில்லை. அதன்பின் தேதி சொல்வதையும் விட்டுவிட்டார்கள்.

அப்புறம் அந்த மழை. மாலையில் நான் வீட்டுக்கு வரும்போதே தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். காம்பவுண்டுக்குள் நுழைந்ததும் அக்காவின் வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே கறுப்புத் தண்ணீர் கட்டில் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கட்டில் காலுக்குக் கீழே வைக்க இன்னும் இரண்டு செங்கல்லைப் பிடித்தபடி நின்றிருந்தார். கட்டிலைத் தனியாகத் தூக்க முடியவில்லை. அவர் வீட்டுக்காரர் நல்ல கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார்.

“வேணாம்க்கா, மேல தூக்கிக்கினு போயிடலாம்” என்றேன்.

“எப்பிடித் தூக்குறது?”

மேல்மாடியில் தங்கியிருந்த ஐ.டி. கம்பெனிப் பையன்கள் இரண்டுபேரைக் கூப்பிட்டேன். பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்காரவைத்து, துண்டால் இடுப்பைக் கட்டி, அவர்கள் பின்பக்கமும் நாங்கள் முன்பக்கமும் பிடித்துக்கொண்டு ஏறினோம். குறுகலான படிக்கட்டு. திருப்பத்தில் நாற்காலி சுவரில் இடித்து, அவர் கண்ணை மூடிக்கொண்டார். “மெதுவா, மெதுவா” என்று அக்கா சொல்லிக்கொண்டே வந்தார். எங்கள் வீட்டு வாசலில் இறக்கியபோது எல்லோருக்கும் மூச்சு வாங்கியது.

ஹாலில் பாயைப் போட்டுப் படுக்கவைத்தோம். அவர் சுற்றிலும் பார்த்தார். எங்கள் வீட்டுக் கூரையின் மூலையில், மேல்வீட்டிலிருந்து கசிந்து பெரிதாக ஒரு ஈரத்திட்டு உண்டு. பெயிண்ட் உரிந்து தொங்கும். நல்ல கையைத் தூக்கி அதைக் காட்டி, “இங்... கயும்” என்றார். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவுக்கு வரவில்லை. அவர் வெளியே படிக்கட்டில் போய் உட்கார்ந்துவிட்டார். அழுகிறாரோ என்று பார்த்தேன். அழவில்லை. முழங்கை வரை ஒட்டியிருந்த அழுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மக கூப்புடுறா. அத்திபெலேக்கு வந்துடுங்கன்றா. ரெண்டு ரூம் வீடு, அவ மாமியாரு இருக்குறாங்க. அங்க போய் இவரு எந்த மூலையில கெடப்பாரு? இது எங்க வீடும்மா. பட்டா இருக்குது. எதுக்குப் போவணும்?”

என்னைக் கேட்ட மாதிரி இல்லை. நான் ஒரு வாளி நல்ல தண்ணீர் கொண்டுவந்து அவர் கையில் ஊற்றினேன்.

ஷிப்ட் முடிந்து வந்த என் வீட்டுக்காரர் ஹாலில் படுத்திருந்தவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் சமையல்கட்டில் ஒரு போர்வையை விரித்துப் படுத்துக்கொண்டார். அவரிடம் எனக்குப் பிடித்தது இதுதான்.

மழை விட்டபின்னும் கீழ்வீட்டில் தண்ணீர் வடியவில்லை. அப்போதுதான் கட்டடத்துப் பெண்கள் நாலைந்துபேர் படிக்கட்டில் கூடிப் பேசினார்கள். மாடியில் ஒரு கன்னடக்காரம்மா இருந்தார், டெய்லர். அவர்தான் சொன்னார், குப்பையை எடு எடு என்று சொல்லிப் பிரயோசனம் இல்லை, கொட்டுவதற்கு இடம் இல்லாமல் செய்துவிட்டால் என்ன என்று. மறுநாள் தெருக்காரர்கள் எல்லோரும் சேர்ந்து, கிடந்த குவியலை ஒரு பக்கமாக ஒதுக்கினார்கள். அதற்கடுத்த நாள் காலை, ஆட்டோக்கள் வரும் முன்னால், அந்த இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்துவிட்டோம். அன்று எனக்கு மதிய ஷிப்ட். டீம் லீடர் முகம் கண்முன் வந்தது. துப்பட்டாவால் முக்காடு போட்டுக்கொண்டு நானும் உட்கார்ந்தேன்.

முதல் ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது. அதிலிருந்து இறங்கிய துப்புரவுத் தொழிலாளிப் பெண்களில் ஒருத்தி எங்கள் தெருவுக்கே தினமும் வருகிறவள். தெலுங்குக்காரி, தமிழ் பேசுவாள்.

“அக்கா, எழுந்திருங்க. கொட்டணும்.”

“இங்க கொட்டக்கூடாது” என்றார் டெய்லரம்மா.

“அப்ப எங்க கொட்டுறது? என் தலையிலயா?”

“உங்க மேஸ்திரியைக் கேளு.”

“மேஸ்திரி இங்கதான் கொட்டச் சொல்றாரு. ஆட்டோ காலியானாத்தான் அடுத்த தெருவுக்குப் போவ முடியும். போவலேன்னா எங்களுக்கு ஹாஜரி போடமாட்டாங்க, அன்னைக்குக் கூலி போயிடும். உங்க நாத்தம் எங்க மூக்குக்குத் தெரியாதா? நாங்க தினம் அதுலதான நிக்கிறோம்.”

அவள் சொன்னதில் தப்பே இல்லை. அக்கா, “நீ சொல்றது சரிதாம்மா. ஆனா வந்து என் வீட்டை ஒரு தடவை பாத்துட்டுப் போ” என்று அவளைக் கூட்டிப்போய்க் கதவைத் திறந்து காட்டினார். திரும்பி வந்தவள் ஆட்டோவின் நிழலில் உட்கார்ந்துவிட்டாள். “மேஸ்திரி வரட்டும். நான் எறக்கமாட்டேன்” என்று டிரைவரிடம் சொன்னாள்.

மேஸ்திரி வந்து கத்தினார். எங்களை, பிறகு அவளை, பிறகு ஃபோனில் யாரையோ. அதற்குள் வேறு ஆட்டோக்களும் வந்து சேர்ந்தன. கொட்ட இடமில்லாமல் ஒன்றன்பின் ஒன்றாக நின்று, வரிசை தெருவைத் தாண்டி மெயின் ரோட்டுக்குப் போய்விட்டது. பள்ளிக்கூட வேன்கள் மாட்டிக்கொண்டன, கார்கள் அலறின. டிராஃபிக் போலீஸ்காரர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு வாக்கிடாக்கியில் பேசினார். இத்தனை புகார் எண்ணுக்கும் வராத லாரி, அந்த நெரிசலுக்கு வந்தது. மத்தியானத்தில் வருகிற லாரி, காலை டிபன் நேரத்துக்குள் வந்து நின்றது. ஆட்டோவிலிருந்து நேராக லாரிக்குக் குப்பை மாறியது, ஒரு கூடைகூடத் தரையைத் தொடவில்லை. பழைய குவியலையும் அள்ளிக்கொண்டு போனார்கள்.

எனக்கு ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதால் நான் கிளம்பிவிட்டேன். எஞ்சினியரை அக்காவே ஃபோனில் பிடித்திருக்கிறார். மிஷின் வந்ததை நான் பார்க்கவில்லை, திரையில்தான் தெரிந்துகொண்டேன். எங்கள் தெருப் புகார் மூடப்பட்டது என்று வந்ததும் ஃபோட்டோவைத் திறந்தேன். எங்கள் காம்பவுண்டுச் சுவர், எங்கள் சேம்பர். அதன் பின்னால், ஃபோட்டோ எடுக்கிறார்கள் என்று தெரியாமல், கையில் துடைப்பத்தோடு அக்கா. அடுத்த அழைப்பு வரும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

சேம்பருக்குள்ளிருந்து என்னென்ன எடுத்தார்கள் என்று மறுநாள் அக்கா சொன்னார். சிமெண்ட் மூட்டை, தேங்காய் நார், குழந்தைகளின் டயப்பர், ஒரு முழுச் சேலை. “எல்லாம் நம்ம பில்டிங்குது. யாரு வீட்டுச் சேலைன்னுகூட எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன்” என்றார்.

ஒரு வாரம் கழித்து அவர் வீட்டுக்காரரை மறுபடி நாற்காலியில் இறக்கினோம். அந்த ஒரு வாரமும் எங்கள் கூரையைப் பார்த்துப் பார்த்து, என்ன பட்டி பூசவேண்டும், எப்படித் தேய்க்கவேண்டும் என்று திக்கித்திக்கி என் வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இவரும் ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்று சொல்லிவைத்தார். இன்னும் பார்க்கவில்லை.

எங்கள் தெருமுனையில் இப்போது குப்பை கொட்டுவதில்லை. கொஞ்ச நாளில் எனக்கு வேறு அழைப்புகள் வரத் தொடங்கின. இரண்டு தெரு தள்ளி, ஒரு பள்ளிக்கூடத்துச் சுவரை ஒட்டிய சின்னச் சின்ன ஓட்டு வீடுகள். புதிதாக அங்கே கொட்டுகிறார்களாம். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்று ஒரு அம்மா உருதுவும் தமிழும் கலந்து சொன்னார். அந்த இடம் எங்களுக்குப் பதிலாக வந்தது என்பது எனக்குத் தெரியும். எண் கொடுத்தேன். பிறகு, ரெக்கார்ட் ஆவது தெரிந்தே, “மேடம், சனிக்கிழமை வார்டு ஆபீசுல கூட்டம் இருக்கு. நீங்க வாங்க. நாங்களும் வருவோம்” என்றேன். ‘நாங்களும்’ எந்த ஸ்கிரிப்ட்டிலும் இல்லை.

அக்காவிடம் சொன்னேன். “நாம துடைச்சித் துடைச்சி அவங்க வாசல்ல தள்ளிட்டோம்” என்றார். பிறகு, “போவோம். லாரி காலையில வந்தா யார் வாசல்லயும் கொட்டவேணாமே. நாம உக்காந்த அன்னைக்கு வரலையா? தினம் வரட்டும்” என்றார்.

அந்தச் சனிக்கிழமை இரண்டு தெருக்காரர்களும் போனோம். அந்த அம்மா எங்களைப் பார்த்த பார்வையில் அன்பு ஒன்றும் இல்லை. எதற்கு இருக்கவேண்டும்? அக்கா அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து, லாரி விஷயத்தை இருவரும் சேர்ந்து கேட்டார்கள். டெண்டரில் நேரம் வேறு மாதிரி இருக்கிறது, பார்க்கிறோம் என்றார் நோடல் ஆபீசர். பார்த்தார்களோ என்னவோ, சில வாரம் லாரி காலையில் வந்தது. எங்கும் கொட்டவில்லை. பிறகு டிரைவர் மாறினார், மறுபடி மத்தியானம் ஆனது. மறுபடி போனோம். மறுபடி சில வாரம்.

இப்போதும் இப்படித்தான் போய்க்கொண்டிருக்கிறது. என் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள். எந்தக் கேள்வியும் வரவில்லை, ஆள் கிடைக்காமல் இருந்திருக்கலாம். அக்காவின் வீட்டில் சாமான்கள் இன்னும் செங்கல் மேலேதான் இருக்கின்றன. இறக்கலாமே என்றதற்கு, “அடுத்த மழை போவட்டும்” என்றார்.

போன மாதக் கூட்டத்துக்கு நோடல் ஆபீசர் வரவில்லை. வேறு மீட்டிங்காம். கதவைத் திறந்துவைத்த ப்யூன் ஃபேனைப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டார். நாங்கள் மூன்றுபேரும் உடனே கிளம்பவில்லை. அந்த ஓட்டுவீட்டு அம்மாவும் அக்காவும் எதிரெதிரே உட்கார்ந்து, எந்த டிரைவர் எத்தனை மணிக்குக் கிளம்புகிறார், யாரிடம் பேசினால் நடக்கும் என்று ஆரம்பித்து, கால்வலிக்கு எந்த ஆஸ்பத்திரி என்பதுவரைக்கும் பேசிக்கொண்டிருந்தார்கள். வாரம் முழுக்கக் கேட்ட குரல்கள் எல்லாம் என் காதுக்குள் இரைந்துகொண்டிருந்தன. சுவரில் தலையைச் சாய்த்தேன், அப்படியே தூங்கிவிட்டேன் போலிருக்கிறது.

அக்கா தோளைத் தொட்டு எழுப்பினார். “வா, போலாம். அவரு தனியா இருப்பாரு.”

செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு, பூங்காவைத் தாண்டி மூன்றுபேரும் நடந்தோம்.